காகிதத் தளைகள்

சங்க மலர்களில் கடல் கடந்த தமிழரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் பூம்புகாரில் தொடங்கிக் கடாரத்தில் முடிப்பர். பல மொழி பேசிய வேற்று நாட்டு மக்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் ஒன்றுகூடி மகிழ்ந்து வாழ்ந்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. சோழப் பேரரசன் இராசேந்திரனின் கலங்கள் கீழைக் கடலைக் கடந்ததை மெய்க்கீர்த்திகள் பேசுகின்றன. இவை நம் பெருமைகள்; மறுப்பார் இல்லை. ஆயினும் இன்று மோரீசு, தென்னாப்பிரிக்கா, பிஜி, மலேசியா, இலங்கை ஆகிய நாடுகளில் வாழும் தமிழரில் பெரும்பாலோரின் முன்னோர் படைநடத்திச் சென்றவரும் அல்லர். பொன்னும் முத்தும் கொண்டு வாணிகம் செய்யச் சென்றவரும் அல்லர். தாம் படிக்க அறியாத ஒரு காகிதத்தில் பெருவிரலை அழுத்திவிட்டுக் கலம் ஏறியவர்கள் அவர்கள்.

மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்குக் காகிதத்தின் வலிமை சற்றுத் தெரியும். ஒரு கையொப்பம் இல்லாமையால் ஓய்வூதியம் நின்றவரைக் கண்டிருக்கிறோம். ஒரு முத்திரை விழுந்தமையால் வாழ்வு மலர்ந்தவரையும் கண்டிருக்கிறோம். ஆகவே, குடியேற்ற ஆட்சிக் காலத்தில் தமிழ்த் தொழிலாளரைக் கட்டிப்போட்ட சில காகிதங்களின் வரலாற்றை எழுத்தரின் கண்கொண்டு காண்பது இக்கட்டுரையின் நோக்கம். ஏன் இப்பொழுது அதை எழுதுகிறோம் என்பதை இறுதியில் கூறுவோம்.

அடிமைமுறையின் மறுபிறப்பு

பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் இயற்றப்பட்டு, 1834 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அறம் வென்றது என்று இலண்டன் மாநகரம் மகிழ்ந்தது. ஆனால் கரும்பு விளையும் தீவுகளில் இருந்த தோட்ட முதலாளிகளுக்குக் கவலை பிறந்தது. விடுதலை பெறும் ஆப்பிரிக்க மக்கள் இனிக் கரும்புக் காட்டில் பழைய கூலிக்குப் பாடுபடுவரா? அவர்களது பார்வை இந்தியாவின்மேல் விழுந்தது.

1834 நவம்பர் 2-ஆம் நாள் 'அட்லஸ்' என்னும் கலம் 36 இந்தியத் தொழிலாளரை மோரீசுத் தீவின் போர்ட் லூயி துறையில் இறக்கியது. அவர்கள் சோட்டா நாகபுரி மலைப்பகுதியைச் சேர்ந்தவர்கள். அப்பகுதியின் பெரும்பங்கு இன்று ஜார்க்கண்டு மாநிலத்தில் அடங்கும். வாசகர்கள் இந்தச் செய்தியை நினைவில் இருத்த வேண்டுகிறோம். பின்னர் மீண்டும் இதனிடம் வருவோம். அவர்களைத் தொடர்ந்து போசபுரி, தெலுங்கு, மராட்டி மக்களும் தமிழரும் சென்றனர். ஏறத்தாழ நான்கரை இலட்சம் இந்தியர் அத்தீவில் இறங்கினர்.

இவர்களைப் பிணைத்தது ஓர் ஒப்பந்தம். ஆங்கிலத்தில் 'அக்ரிமெண்டு' எனப்பட்ட அது தொழிலாளர் நாவில் 'கிர்மிட்டு' ஆயிற்று. அதில் கட்டுண்டவர் 'கிர்மிட்டியா' ஆனார். ஒப்பந்தத்தை மட்டும் படித்தால் குறை காண்பது அரிது. இத்தனை ஆண்டு வேலை, இவ்வளவு கூலி, இவ்வளவு அரிசி, பருப்பு, உப்பு, உடுக்கத் துணி, நோயுற்றால் மருத்துவம் என்று அது வரையறுத்தது. தொழிலாளர் நலம் காக்க 'பாதுகாவலர்' என்னும் பெயரில் ஓர் அதிகாரியும் உண்டு. கொடுமை சொற்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது. முதலாளி கூலி தரத் தவறினால் தொழிலாளி வழக்காடி வெல்ல வேண்டும். தொழிலாளி வேலைக்கு வரத் தவறினாலோ அது குற்றம், சிறைதான் தண்டனை. காகிதத்தில் இரு பக்கத்தாரின் கடமையும் எழுதப்பட்டிருந்தது. நடைமுறையில் உயிர் பெற்றது ஒரு பக்கம் மட்டுமே.

மோரீசில் 'இரட்டை வெட்டு' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நாள் வேலைக்கு வாராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிக்கப்படும். ஒப்பந்தக் காலம் முடிந்து விடுதலை பெற்றவருக்கும் உண்மையான விடுதலை இல்லை. 1867-இல் வந்த சட்டப்படி, இத்தகைய 'பழைய குடியேறிகள்' தம் ஒளிப்படம் ஒட்டிய சீட்டையும் காவல்துறைச் சீட்டையும் எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும். சீட்டை வீட்டில் மறந்து கடைத்தெருவுக்குச் சென்றவர் 'நாடோடி' என்று கைது செய்யப்படலாம். ஒளிப்படக் கலையே இளமையாயிருந்த அக்காலத்தில், அதை ஏழை உழைப்பாளியின் நடமாட்டத்தைத் தடுக்கும் கருவியாக்கிய திறமையை என்னென்பது!

அங்கும் மனச்சான்றுடைய ஒருவர் இருந்தார். அடோல்ப் தெ பிளெவிட்சு என்னும் ஐரோப்பியர், தோட்டம் ஒன்றை நடத்தி வந்தவர், 1871-இல் 9,401 பழைய குடியேறிகளின் குறைகளைத் திரட்டி ஒரு விண்ணப்பம் கொடுத்தார். தெருவில் அவரைத் தாக்கினார்கள். அவரை நாட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் மனுக் கொடுத்தனர். ஆனால் அந்த விண்ணப்பம் வீண்போகவில்லை. 1872-இல் அரச ஆணைக்குழு ஒன்று அத்தீவுக்கு வந்து உசாவியது. 1875-இல் வெளியான அதன் அறிக்கை குறைகள் மெய்யானவை என்று காட்டியது. கட்டிப்போட்டதும் காகிதமே, கட்டை அவிழ்க்கத் தொடங்கியதும் காகிதமே.

நேட்டாலின் மூன்று பவுன்

1860 அக்டோபரில் சென்னைத் துறையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கலம், நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் வந்தவர் 342 பேர். அன்று முதல் 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நேட்டாலுக்குச் சென்றனர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர். தொடக்கத்தில் முதலாண்டுக் கூலி மாதம் 10 சில்லிங். ஆண்டுதோறும் ஒரு சில்லிங் கூடும். ஒப்பந்தத்தில் இருப்பவர் முதலாளியின் எழுத்துச் சீட்டு இன்றித் தோட்டத்தைவிட்டுச் செல்லலாகாது. கொடுமைக்கு எதிராக முறையிடப் பாதுகாவலரிடம் செல்லவும் சீட்டு வேண்டும் என்றால், அச்சீட்டைத் தர வேண்டியவர் யார்? கொடுமை செய்த அதே முதலாளிதான்.

1894-இல் டர்பன் நகரில் வழக்கறிஞராயிருந்த இளைஞர் காந்தியின் அலுவலகத்துக்குப் பாலசுந்தரம் என்னும் தமிழர் வந்தார். கிழிந்த உடை; பல் உடைந்து வாயில் குருதி; கையில் தலைப்பாகை. முதலாளி அடித்திருந்தார். காந்தியடிகளின் எழுத்தர் ஒரு தமிழர். அவர் வழியாகவே கதை விளங்கியது. ஐரோப்பியரைக் காணச் செல்லும் இந்தியத் தொழிலாளி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் ஏந்த வேண்டும் என்பது அங்கு வழக்கம். அதே பழக்கத்தில் தம்முன் நின்றவரைக் கண்டு மனம் வருந்திய காந்தியடிகள், தலைப்பாகையை அணியச் சொன்னார். முதலாளியைத் தண்டிப்பதைவிடப் பாலசுந்தரத்தை அவரிடமிருந்து விடுவிப்பதே முதன்மை என்று கருதி, வேறொருவருக்கு ஒப்பந்தத்தை மாற்றச் செய்தார். தாமே விலகியிருந்தால் பாலசுந்தரம் சிறை சென்றிருப்பார் என்பதை நாம் மறத்தல் கூடாது.

அக்காலத்து வெள்ளைக் குடியேறிகள் இந்தியரை எவ்வாறு எண்ணினர் என்பதற்கு இரண்டு தமிழ்ச் சொற்களே சான்று. ஒன்று 'கூலி'. உழைப்புக்கு ஈடாகப் பெறும் ஊதியம் என்னும் நம் நல்ல சொல், அங்கு ஓர் இனத்தின் பெயராயிற்று. கூலி வணிகர், கூலி வழக்கறிஞர் என்றெல்லாம் அழைத்தனர். மற்றொன்று 'சாமி'. இராமசாமி, முத்துச்சாமி என்னும் பெயர்களின் ஈற்றைப் பிடித்துக்கொண்டு இந்தியர் அனைவரையும் 'சாமி' என்று இழிவாக விளித்தனர். சாமி என்றால் தலைவன், எசமான் என்று பொருள். அப்படியே அழைக்கிறீர்கள் என்று சில இந்தியர் நகைத்து விடையிறுத்ததைக் காந்தியடிகள் தம் வரலாற்றில் குறிப்பிடுகிறார்.

நேட்டால் முதலாளிகள் வேண்டியது உழைப்பை, உழைப்பவரை அன்று. ஐந்தாண்டுக் காலம் முடிந்த தமிழர் சிறு நிலம் பிடித்துக் காய்கறி பயிரிட்டனர். கூடையில் சுமந்து விற்றனர். சிறு கடை வைத்தனர். கரும்புக்காட்டில் குனிந்து நின்றவரை விரும்பி வரவழைத்தவர்களுக்கு, சந்தையில் நிமிர்ந்து நின்றவரைக் காணப் பிடிக்கவில்லை. 1895-இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் மீண்டும் ஒப்பந்தம் செய்ய வேண்டும்; அல்லது இந்தியா திரும்ப வேண்டும்; இரண்டும் இல்லையெனில் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும். முதலில் அவர்கள் எண்ணியது 25 பவுன்! மூன்று பவுன் என்பது 60 சில்லிங். மாதம் 10 சில்லிங் பெற்று வாழ்ந்தவருக்கு அது ஆறு மாத ஊதியம். 1903-இல் 16 வயது நிறைந்த ஆண்மக்களுக்கும் 13 வயது நிறைந்த பெண்மக்களுக்கும் இவ்வரி விரிக்கப்பட்டது. ஒரு குடும்பத்தில் நால்வர் என்றால் ஆண்டுக்கு 12 பவுன். வரியைக் கட்ட இயலாதவர் மறுபடியும் ஒப்பந்தத்தில் விரல் பதித்தார். சட்டத்தின் கருத்தும் அதுவே.

புதிதாக வருவோரைத் தடுக்கவும் வழி தேடினர். 1896 டிசம்பரில் இந்தியாவிலிருந்து வந்த 'கூர்லாண்டு', 'நாதேரி' என்னும் இரு கலங்களை, பம்பாயில் கொள்ளைநோய் பரவியதைக் காரணம் காட்டி 23 நாள் துறைக்கு வெளியே நிறுத்தினர். நோயைக் காட்டிலும் இந்தியர் வருகையே அச்சத்தின் உண்மைக் காரணம். 1897 சனவரி 13-இல் கரையிறங்கிய காந்தியடிகளைக் கூட்டம் தாக்கியது. காவல்துறைத் தலைவரின் மனைவி அலெக்சாண்டர் அம்மையார் தம் குடையை விரித்து நடுவே வந்து நின்று காத்தார். அவ்வாண்டே வந்த குடியேற்றத் தடைச் சட்டம் இனத்தின் பெயரைக் கூறவில்லை. ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டுமே கூறியது. தமிழில் பெரும்புலமை பெற்றவரும் அச்சட்டத்தின் முன் எழுத்தறியாதவரே.

பத்து விரல்களின் அச்சு

அடுத்த மாநிலமான டிரான்சுவாலில் 1906-இல் வேறொரு காகிதம் தோன்றியது. ஆசியர் அனைவரும் விரல் ரேகை பதித்துப் பதிவுச் சான்று பெற்று, கேட்டபொழுதெல்லாம் காட்ட வேண்டும் என்பது சட்டத்தின் சாரம். 1906 செப்டம்பர் 11-ஆம் நாள் சோகன்சுபர்க்கு நகரில் கூடிய இந்தியர் இதற்குப் பணிவதில்லை என்று உறுதி பூண்டனர். 1908 ஆகஸ்டு 16-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றுகள் ஒரு பெரிய கொப்பரையில் இட்டுக் கொளுத்தப்பட்டன.

இப்போராட்டத்தில் தமிழர் தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிய பங்கை ஏற்றனர். தம்பி நாயுடு பலமுறை சிறை சென்றார். நாகப்பன் என்னும் இளைஞர் கடுங்குளிரில் சிறை முகாமில் துன்புற்று, 1909 சூலையில், விடுதலையான சில நாளில் நுரையீரல் அழற்சியால் மாண்டார். நாராயணசாமி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். திரும்பி வந்தபொழுது எத்துறையிலும் இறங்க விடாமல் அலைக்கழிக்கப்பட்டு, 1910 அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் உயிர் நீத்தார். கரை கண்ணுக்குத் தெரிந்தும் கால் வைக்க இசைவு இல்லாத அந்த மரணத்தைவிடக் கொடிய தளை வேறு உண்டோ?

1913-இல் மூன்று பவுன் வரியும், இந்திய முறைத் திருமணங்கள் செல்லா என்ற நீதிமன்றத் தீர்ப்பும் சேர்ந்து பெண்களையும் களத்துக்கு அழைத்தன. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு இசைவுச் சீட்டின்றிச் செல்வது இந்தியருக்குக் குற்றமாயிருந்த காலம். அக்குற்றத்தையே அவர்கள் போராட்டமாக்கினர். டிரான்சுவாலைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையுடன், எல்லையைக் கடந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று வரியின் கொடுமையை எடுத்துரைத்தனர். சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6-ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் நேட்டால் எல்லையைக் கடந்து நடந்தனர். அரசு அவர்களைப் பிடித்துச் சுரங்கங்களுக்கே திருப்பி அனுப்பியது. சுரங்க வளாகங்களைச் சிறையின் கிளைகள் என்றும், சுரங்க மேற்பார்வையாளரைச் சிறைக்காவலர் என்றும் அறிவித்தது. வேலைத்தலத்துக்கும் சிறைக்கும் இடையே எஞ்சியிருந்த திரையையும் அரசே கிழித்துவிட்டது.

சோகன்சுபர்க்கில் பிறந்து, பெற்றோரின் ஊரான தில்லையாடியைக் கண்ணால் காணாத வள்ளியம்மை, கடுங்காவல் சிறையில் காய்ச்சலுற்று, வெளிவந்து 1914 பிப்ரவரி 22-இல் உயிர் துறந்தார். அவருக்கு வயது 16. அவ்வாண்டே இந்தியர் துயர்நீக்கச் சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்தது. கோகலே போன்றோரின் இடைவிடா முயற்சியால் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1911-இலேயே நின்றிருந்தது. பாரதியாரும் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகக் கண்ணீர்ப் பாட்டு எழுதினார். 1917-இல் ஒப்பந்தக் கூலிகளின் ஏற்றுமதி முழுவதும் நிறுத்தப்பட்டது.

நம்மவர் தவறும் உண்டு

வரலாறு எழுதுவோர் பிறர் குறையை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. தென்னாப்பிரிக்காவில் வணிகராயிருந்த இந்தியருட் சிலர், 'கூலி' என்ற பெயரினின்று தப்பத் தம்மை அராபியர் என்று அழைத்துக்கொண்டனர். பார்சி எழுத்தர்கள் பாரசீகர் என்றனர். தொழிலாளரிடமிருந்து தம்மை விலக்கிக் காட்டினால் மதிப்புக் கிட்டும் என்பது எண்ணம். ஆயினும் மதிப்பு வரவில்லை. டர்பன் அஞ்சலகத்தில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒரே வாயிலைப் பயன்படுத்த நேர்ந்ததை இழிவென்று கருதி, இந்தியருக்குத் தனி வாயில் வேண்டும் என்று நேட்டால் இந்தியக் காங்கிரசே 1890-களில் கேட்டுப் பெற்றது. அந்த மண்ணின் மக்களான ஆப்பிரிக்கர் நம்மினும் கொடிய சீட்டுச் சட்டங்களால் கட்டுண்டிருந்ததை அன்று நம்மவர் கருதவில்லை. மிதிபட்டவன் தனக்குக் கீழே மிதிக்க ஒருவனைத் தேடுவது மனித இயல்பின் இருண்ட பக்கம். அதை ஈண்டுக் குறிப்பது முன்னோரைக் குறை கூறுவதற்கன்று, நம்மைக் காத்துக்கொள்வதற்கு.

இலங்கையின் துண்டு

கடல் தாண்டாமல், கடற்கால்வாய் மட்டும் தாண்டிச் சென்றவர் இலங்கைத் தோட்டத் தமிழர். முதலில் காப்பிக்கும், 1870-களில் காப்பிச் செடியை நோய் அழித்தபின் தேயிலைக்கும் அவர்கள் சென்றனர். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாகச் சென்று, பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர்.

அங்கு ஐந்தாண்டுக் கிர்மிட்டு இல்லை. அதனினும் நுண்ணிய கயிறு ஒன்று இருந்தது. ஊருக்கு வந்த கங்காணி முன்பணம் தருவார். வழிச்செலவும் சோறும் கணக்கில் ஏறும். தோட்டத்தில் இறங்கும்பொழுதே தொழிலாளி கடனாளி. விடியலில் பிரட்டுக்கு நிற்க வேண்டும். கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' தான் விழும். கடன் எவ்வாறு தீரும்? ஓரிடத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால் 'துண்டு' வேண்டும். இவர்தம் கடன் இவ்வளவு. இதைச் செலுத்துவோரிடம் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சிறு சீட்டே துண்டு. அதைக் காட்டாதவரை வேறு எத்தோட்டமும் ஏற்காது. புதிய துரை பழைய கடனை அடைப்பார். அக்கடன் புதிய கணக்கில் ஏறும். மனிதர் கைமாறினர், கடன் அவர்களோடு நடந்தது. கிழித்தெறியக்கூடிய அச்சிறு தாள் இரும்புச் சங்கிலியின் வேலையைச் செய்தது. 1921-இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

காகிதத்தின் கொடுமை அத்துடன் முடியவில்லை. உரிமை பெற்ற இலங்கை 1948-இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக அம்மலைகளைத் தேயிலைத் தோட்டமாக்கிய மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. காரணம், தந்தை அந்நாட்டில் பிறந்ததற்குச் சான்றுக் காகிதம் அவர்களிடம் இல்லை. லயத்து அறையில் பிறந்தவருக்குச் சான்று யார் கொடுத்தார்? முதலில் ஒரு காகிதம் அவர்களை அசையவிடவில்லை. பின்னர் ஒரு காகிதம் இல்லாமை அவர்களை நிலைக்கவிடவில்லை. 1964 அக்டோபர் 30-இல் ஏற்பட்ட சிறிமா – சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். அவ்வாறு வந்தோருள் சில குடும்பங்கள் நம் கருநாடகத்தின் சுள்ளியா, புத்தூர் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. நம் மாநிலத்திலேயே அவர்தம் பேரர்கள் இன்றும் வாழ்கின்றனர்.

அருகிலுள்ள மண்

கடல் கடந்தால்தான் தளை என்று எண்ண வேண்டா. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டால் அதைக் குற்றமாக்கும் சட்டம் 1859-இலேயே இந்தியாவில் இயற்றப்பட்டது. தோட்ட முதலாளிகளுக்கு வாய்ப்பான கருவியாயிருந்த அச்சட்டம் 1926-இல்தான் மறைந்தது.

பெங்களூர்த் தமிழருள் பலருக்குக் கோலார் தங்கவயலில் உறவு உண்டு. 1880-இல் சான் டெய்லர் நிறுவனம் அங்குக் கால்கொண்டபின், வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தினர், உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றை வெட்டினர். 1930-இல் தொழிலாளர் கைரேகை பதிய வேண்டும் என்ற ஏற்பாடு வந்தபொழுது, குற்றவாளிகளுக்குரிய முறையைத் தம்மீது சுமத்துவதா என்று வெகுண்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். டிரான்சுவாலில் எழுந்த அதே வினா, நம் வீட்டு வாயிலுக்கு அருகிலேயே எழுந்தது. பொன் எடுத்தவரைத் திருடராக எண்ணும் கண்ணை அவர்கள் ஏற்கவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்று நாள்தோறும் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகின்றனர்.

பொம்மசந்திராவில் ஒரு பதிவேடு

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம். நாம் குடியிருப்பது ஓசூர்ச் சாலையில் உள்ள பொம்மசந்திரா. பெருந்தொழிற்பேட்டை உள்ள இடம். 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ தொடர்வண்டியும் இங்கு வந்து நிற்கிறது. தொழிற்சாலைகளில் ஒரு காலத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் மட்டுமே ஒலித்தன. இன்று ஒடிசா, பீகார், அசாம், ஜார்க்கண்டு இளைஞர் ஓர் அறைக்கு ஆறு பேராகத் தங்கி உழைக்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பு வரிசையில் இரு மிதிவண்டிகள் களவு போயின. யார் எடுத்தார் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. வடநாட்டுத் தொழிலாளர் அனைவரும் ஒளிப்படமும் அடையாள அட்டையின் படியும் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் வெளியே நடமாடலாகாது. பதிவேட்டுக்குக் கோடு போட்டு, பத்திகள் பிரித்து, முதற்பக்கத்தில் தலைப்பு எழுதியவர் வேறு எவரும் அல்லர், நாமே. அலுவலகப் பழக்கம் கையில் இருந்தது. மனத்தில் ஐயம் எழவில்லை.

கையெழுத்திட வந்த ஜார்க்கண்டு இளைஞர் ஒருவர் பேனாவை வாங்கிக்கொண்டு, தாம் கற்ற கன்னடத்தில் பணிவாகக் கேட்டார்: "நீங்கள் எந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், ஐயா?"

நாம் எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை. நாமும் வாடகைக்கு இருப்பவரே. நாமும் வேற்று மாநிலத்தவரே. 1991 டிசம்பரில், காவிரிச் சிக்கலை ஒட்டிக் கலவரம் மூண்ட நாள்களில், பள்ளிச் சிறுவராயிருந்த நம்மைப் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் தம் வீட்டில் வைத்துச் சோறிட்டுக் காத்தார். எந்த ஊர் என்றும் எந்த மொழி என்றும் அவர் பதிவேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. அதை நாம் மறந்திருந்தோம். 'அட்லஸ்' கலத்தில் சென்ற அந்த 36 பேரின் மலைநாட்டிலிருந்து வந்தவர், 'துரூரோ' கலத்தில் சென்ற மக்களின் இனத்தாரான நம் முன்னால் நின்று, தாம் அறியாமலே அதை நினைவூட்டினார்.

2020 மே மாதத்தையும் நினைத்துப் பார்த்தோம். நோய்த்தொற்றுக் காலத்தில் வேலையும் கூலியும் இழந்த வெளிமாநிலத் தொழிலாளர் ஊர் திரும்பத் தொடர்வண்டிகள் ஏற்பாடாயின. கட்டுமான நிறுவனத்தாரோடு நடந்த பேச்சுக்குப் பின், மே 6 முதல் அவ்வண்டிகள் வேண்டா என்று நம் மாநிலம் தெரிவித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே இரண்டொரு நாளில் அம்முடிவு கைவிடப்பட்டது. உழைப்பு வேண்டும், ஆகவே ஆள் போகக் கூடாது என்னும் எண்ணம் கரும்புத் தோட்டத்தோடு மறைந்துவிடவில்லை.

பதிவு செய்தலே தீது என்று நாம் கூறவில்லை. எழுத்தர் அவ்வாறு கூறுதல் பொருந்தாது. 1979-இல் இயற்றப்பட்ட மாநிலம் பெயர் தொழிலாளர் சட்டமும் அவர்களைப் பதிவு செய்யவே கூறியது. கூலியும் வழிச்செலவும் அவர்களுக்கு உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக. ஒரு காகிதம் நல்லதா தீயதா என்றறிய இரண்டு வினாக்கள் போதும். அது அனைவருக்கும் பொதுவா? அதில் எழுதிய இரு பக்கக் கடமைகளில் எப்பக்கம் நடைமுறைக்கு வருகிறது? மோரீசின் ஒளிப்படச் சீட்டும், நேட்டாலின் ஒப்பந்தமும், இலங்கையின் துண்டும் இந்த இரண்டு வினாக்களிலும் தோற்றன. நாம் கோடு போட்ட பதிவேடும் தோற்றது.

அடுத்த கூட்டத்தில், பதிவு வேண்டுமெனில் வரிசையில் உள்ள அனைவரும் பதிய வேண்டும் என்றும், பத்து மணி விதி நீங்க வேண்டும் என்றும் கூறினோம். சிலர் முகம் சுளித்தனர். பத்து மணி விதி நீங்கியது. அனைவரும் பதிவது என்பது இன்னும் நிறைவேறவில்லை. ஆயினும் அப்பதிவேட்டின் இரண்டாம் பக்கத்தில் நம் பெயரையும் ஒளிப்படத்தையும் ஒட்டிவிட்டோம். சிறு செயல்தான், பெரிதாகப் பேசுவதற்கில்லை.

மோரீசில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அப்பழைய குடியேற்றப் பதிவேடுகளும் ஒளிப்படங்களும் காக்கப்படுகின்றன. கொள்ளுப்பாட்டனின் ஊர் எது, பெயர் எது என்று தேடி வரும் பேரர்கள், கைது செய்வதற்காக எடுக்கப்பட்ட அப்படத்திலேயே தம் குலமுதல்வரின் முகத்தை முதன்முறையாகக் காண்கின்றனர். கட்டுவதற்காக எழுதிய காகிதம் உறவைக் காட்டும் சான்றாக மாறிய விந்தை இது. நாம் இன்று எழுதும் பதிவேடுகளையும் நூறாண்டு கழித்து யாரோ ஒருவரின் பேரன் புரட்டக்கூடும். அப்பொழுது அவன் நம் கையெழுத்தைக் கண்டு என்ன நினைப்பான் என்பதை எண்ணி எழுதுவது, புலம்பெயர்ந்தோரின் வழிவந்த நமக்குக் கடமையாகும்.